படியேறும் அட்டையும் பாதிக் கட்டணமும்

மரப்படியில் மூன்றாவது காலடி விழும்போதே காளிதாஸ் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். தலையை நிமிர்த்த மாட்டார். காதை மட்டும் படிப் பக்கம் சாய்த்துக்கொள்வார். மேல்படியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருக்கும். அதற்குள் கட்டைவிரல் அளவில், துணி துவைக்கிற மஞ்சள் சவர்க்காரத் துண்டு. ஏறி வருகிறவர் அந்த இடத்தில் என்ன செய்கிறார் என்பதுதான் அவருக்கு முக்கியம். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் நடந்து வருகிற எவரும் காலில் ஓர் அட்டையாவது ஒட்டாமல் வந்து சேர்வதில்லை. சிலர் அதைக் கண்டதும் மரப்படி அதிரக் குதிப்பார்கள். சிலர் பிடித்து இழுப்பார்கள். ரத்தம் நிற்காமல் ஒழுகும். சிலரோ பேச்சை நிறுத்தாமலே குனிந்து, துண்டை எடுத்து அட்டையின் தலையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, அது சுருண்டு விழுந்ததும் விரலால் ஒதுக்கிவிட்டு உள்ளே வருவார்கள்.

குதித்தவர் வெளியூர். இழுத்தவர் வெளியூர். தேய்த்தவர் உள்ளூர்.

"அட்ரஸ் பொய் சொல்லும்ங்க. அட்டை சொல்லாது" என்பது காளிதாஸின் கொள்கை. ஒரு கல்லூரியின் கட்டண முறை முழுவதும் அந்தக் கொள்கையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

தெரணியகலைக்குப் போகிற பஸ்ஸில் கடைசிக்கு முந்திய தரிப்பில் இறங்கினால் ஒரு சின்னக் கடைத்தெரு. அதன் முனையில் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு காலத்தில் கல்யாண மண்டபம் கட்டினார்கள். முதல் கல்யாணத்திலேயே மாப்பிள்ளையின் தலையில் கூரை ஒழுகியது. இரண்டாவது கல்யாணம் நடக்கவில்லை. கீழ்த்தளத்தில் கபூர் ஹாஜியார் தன் துணிக்கடைச் சரக்கை அடுக்கிக்கொண்டார். மேல்தளத்தை ஆங்கிலமும் தட்டச்சும், பிறகு கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்கிற ஒரு கல்லூரிக்கு மண்டபச் சங்கம் வாடகையில்லாமல் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை: ஊர்ப் பிள்ளைகளிடம் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும். வெளியூரார் முழுதும் கட்டட்டும். யார் ஊர், யார் வெளியூர் என்று பிரிக்கிற வேலை காளிதாஸுக்கு வந்தது. கல்லூரியில் எழுத்தர், காசாளர், காவல்காரர் எல்லாம் அவரே. தன்னை அவர் 'ரெஜிஸ்ட்ரார்' என்று சொல்லிக்கொள்வார். ஊர் அவரை 'பெல் காளிதாஸ்' என்று சொல்லும்.

பெல் வந்த கதை இது. எந்தத் தெருவும் ஒன்று ஏறும் அல்லது இறங்கும் என்கிற அந்த ஊரில் அவர் சைக்கிள் சாமான் கடை போட்டிருந்தார். கடை மூடியபோது டயர் போனது, செயின் போனது, சீட் கூடப் போனது. மணிகள் மட்டும் ஒரு பெட்டி நிறைய மிஞ்சின. "மேட்டுல சைக்கிள தள்ளிட்டுப் போறவன் யாருக்குங்க பெல் அடிப்பான்?" என்று அவரே கேட்டுச் சிரிப்பார். அவற்றில் ஒன்றைக் கல்லூரி மேசையின் ஓரத்தில் திருகி வைத்திருக்கிறார். பாடவேளை முடிந்தால் கிணிங் கிணிங் என்று அதைத்தான் அடிப்பார். வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் வழிவிடுவதுபோல ஒதுங்கிக் காட்டுவார்கள். அவருக்குக் கோபம் வராது.

ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சேர்ட், சாம்பல் கால்சட்டை, காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. சப்பாத்து போட்டால் அட்டைக்கு வாடகையில்லாத வீடு கொடுத்ததாகிவிடும் என்பார். கால்சட்டைப் பையில் கித்துல் கருப்பட்டித் துண்டு ஒன்று காகிதத்தில் சுற்றி இருக்கும். ப்ளேன்டீயை ஒரு வாய் குடித்துக் கருப்பட்டியை ஒரு கடி கடிப்பார். சவர்க்கார விஷயத்தில் மட்டும் மகா கருமி. நீளச் சவர்க்காரம் ஒன்றை வாங்கி, நூலால் அறுத்துத் துண்டுபோட்டு, மேசை லாச்சியில் பூட்டி வைப்பார். ஒரு துண்டு ஒரு மாதம் வர வேண்டும். முன்கூட்டியே கரைந்துவிட்டால் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் விசாரணை செய்வார்.

இந்த ஒழுங்கு முதலில் குலைந்தது ராணுவத்தால்.

வடக்கில் சண்டை ஓய்ந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் மலையுச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்த சிப்பாய்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஆங்கிலம் தெரிந்தால் ஐ.நா. படையோடு வெளிநாடு போகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மூன்றாவது காலடியில் காளிதாஸ் பேனாவை வைத்தார். அதோடு நிற்கவில்லை, சேர்ட் பையிலிருந்து தன் ஐடென்டிட்டி கார்டை எடுத்து மேசையில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார். கைகளையும் மேசை மேல் வைத்துக்கொண்டார். "செக்கிங்னு நெனச்சுட்டேன்ங்க" என்று பின்னாளில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய கை தானாகச் சேர்ட் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

செக்கிங் இல்லை. முன்னால் வந்தவர் கோப்ரல் பந்துல. மொனராகலைப் பக்கத்துக்காரர், வறண்ட பூமியில் வளர்ந்தவர். தன் சப்பாத்து நாடா ஓட்டைக்குள் ஏதோ கொழுத்து நெளிவதைக் கண்டு, "அம்மோ!" என்று அவர் குதித்த குதியில் சுவரிலிருந்த நாட்காட்டி கழன்று விழுந்தது. காளிதாஸ் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்: வெளியூர், முழுக் கட்டணம்.

சங்கம் வேறு தீர்ப்பு எழுதியது. பணியிலிருக்கும் படையினர் எந்த ஊர்க்காரரானாலும், இங்கே நிற்கிற காலம்வரை அவர்கள் இவ்வூராரே, பாதிக் கட்டணம். தேநீர் வருவதற்கு முன்பே தீர்மானம் நிறைவேறிவிட்டது. காளிதாஸுக்கு மனவருத்தம். தன் பரீட்சையில் தோற்றவர்களைச் சங்கம் பாஸ் போட்டுவிட்டதே என்று இரண்டு வாரம் முணுமுணுத்தார். ஆனால் மழை ஒரு சுற்று அடித்து ஓய்வதற்குள் கோப்ரல் பந்துல, தன் மகளுக்குப் பல் முளைத்த கதையைச் சொல்லிக்கொண்டே குனிந்து, துண்டை எடுத்து, தேய்த்து, ஒதுக்கி, நிமிர்ந்தார். கதை ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"ஹரி. இப்பதான் இவரு ஊர்க்காரர்" என்றார் காளிதாஸ், கோப்ரலின் சிங்களத்திலேயே சரி போட்டு.

பிறகு வந்த சண்டை சவர்க்காரத்தால். சிப்பாய்கள் சப்பாத்து முழுவதும் அதைப் பூசிக்கொண்டு போனார்கள். மாதத் துண்டு வாரத்தில் கரைந்தது. காளிதாஸ் சுத்தமான சிங்களத்தில் முறையிட்டார். தோளில் தொங்குகிற துவக்கு உங்களுடையது கோப்ரல் மாத்தயா, சவர்க்காரம் என்னுடையது, ரெண்டையும் அளவோடு பாவிப்போம் என்று. கோப்ரல் அதற்கு சல்யூட் அடித்தார்.

அவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தவன் என் தம்பி சஞ்சீவ். அடுத்து வந்த ஆவணியில் காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய புத்தகங்களை எடுத்துவர நான் சனிக்கிழமைகளில் அங்கே போய்வந்தேன். ஒரே தடவையில் எடுத்து முடித்திருக்கலாம். எடுக்கவில்லை. புது மாஸ்டர் கிடைக்கும்வரை வகுப்பு நிற்கக்கூடாது என்று கோப்ரலே முன்னால் நின்று பழைய பாடங்களைச் சொல்ல, மற்றவர்கள் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சஞ்சீவுக்கு ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'ம்ம்?' என்று கேட்கிற பழக்கம் உண்டு. அதுவும் ஆங்கிலத்தில் சேர்ந்தது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். வகுப்பை மறைத்த பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் "திஸ் இஸ் மை ஹவுஸ், ம்ம்?" என்று ஒரு படைப்பிரிவே ஒரே குரலில் கேட்டது. காளிதாஸ் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. அவர் பையிலிருந்த கருப்பட்டியை எடுத்து, இரண்டாக உடைத்து, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினார்.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான் வேலுசாமி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மதகுக்கு அந்தப் பக்கம் தொடங்கும் கித்துல்கந்தைத் தேயிலைத் தோட்டத்தில் அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். மகள் பிரஷாந்தினி சாதாரண தரப் பரீட்சை பாஸ். காளிதாஸ் காதைச் சாய்த்தார். மேல்படியில் காலடி நின்ற மாதிரியே தெரியவில்லை. சிரட்டையும் அசையவில்லை. அவருக்கே சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் கணுக்காலிலிருந்த அட்டையை இரண்டு விரலால் உருட்டி, உருண்டையாக்கி, யன்னல் வழியாக வெளியே சுண்டிவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். சவர்க்காரமே தேவைப்படவில்லை. காளிதாஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் நூற்றுக்கு மேலே புள்ளி போட வழியிருக்கிறதா என்று தேடுகிற முகம்.

பாதிக் கட்டணம் என்று அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது, கூரைத் தகரத்தை அளக்க வந்திருந்த உதயராஜ் முதலாளி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இரும்புக்கடைக்காரர், சங்கத்தின் செயலாளர். காளிதாஸுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட.

"தோட்டம் நம்ம எல்லையில இல்லியே காளிதாஸ். மதகோட நம்ம ஊரு முடியுது" என்றார்.

காளிதாஸ் அட்டையைப் பற்றி எடுத்துச் சொன்னார். உதயராஜ் அட்டைக்கெல்லாம் சங்கத்தில் அங்கத்துவம் கொடுக்கவில்லை என்றார். வேலுசாமி நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. முழுக் கட்டணம் தன்னால் ஆகாது என்பதை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் பெண் கேட்டிருக்கிறார்கள். சமையல், பிள்ளை பார்க்கிற வேலை. தரகர் திங்கட்கிழமை வேன் கொண்டு வருகிறார். படிப்பு சரிவந்தால் அனுப்ப மாட்டேன், சரிவராவிட்டால் வயதுப் பெண்ணைத் தோட்டத்து லயத்து வீட்டில் சும்மா வைத்திருக்க முடியாது என்றார். மனைவிக்கும் அதே எண்ணம்தான் என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

"முடிஞ்சாப் பாருங்க சேர்" என்று அவர் திரும்பியபோது, அதுவரை வாயே திறக்காத பிரஷாந்தினி உதயராஜைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"அப்ப நாங்க எந்த ஊருங்க முதலாளி?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உதயராஜ் அளவு நாடாவை இழுத்துக் கூரையை அளக்கத் தொடங்கினார்.

சங்கத்தின் கூட்டம் மாதக் கடைசியில்தான் கூடும். இடையில் கூட வேண்டுமானால் மண்டபத்துக்கு ஏதாவது சேதம் வந்திருக்க வேண்டும். அன்று மாலை நான் புறப்படும்போது கம்ப்யூட்டர் அறை மூலையில் எப்போதும் ஒழுக்குக்குக் கீழே நிற்கிற வாளியைக் காணவில்லை. அது காளிதாஸின் மேசைக்கு அடியில் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"கழுவ எடுத்தேன்ங்க" என்றார்.

இரவெல்லாம் மழை. விடிகிறபோது பலகைத் தளம் வழியாகத் தண்ணீர் இறங்கி, ஹாஜியாரின் சாரத் துணிக் கட்டு ஒன்று நனைந்திருந்தது. ஞாயிறு காலையிலேயே அவசரக் கூட்டம் கூடிவிட்டது. கூட்டியவர் சங்கத் தலைவர் ஹாஜியாரேதான்.

காளிதாஸுக்குச் சங்கத்தில் பேச்சுரிமை கிடையாது. தேநீர் கொடுக்கிற உரிமை உண்டு. சேதி கேட்டு நானும் வந்திருந்தேன். அலமாரிக்குப் பக்கத்தில் இருந்து புத்தகங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அப்பால் சிப்பாய்களின் ஞாயிற்றுக்கிழமைப் பாடம். தகரம் மாற்றுவது என்று முடிவானதும் காளிதாஸ் தட்டோடு ஹாஜியாரின் முன்னால் போய் நின்றார்.

"ஹாஜியார், ஒரு சந்தேகம். கோப்ரல் பந்துல எப்புடி நம்ம ஊர்க்காரரு?"

"நாமதானே தீர்மானம் போட்டோம். ட்யூட்டியில நிக்கிறாரு" என்றார் ஹாஜியார்.

"அவருக்கு இங்க சொந்த வீடு இருக்கா?"

"கேம்ப் இருக்கு."

"காணி?"

"இல்ல."

"ட்யூட்டி முடிஞ்சா?"

"பெட்டியத் தூக்கிட்டுப் போவாரு. இது என்ன காளிதாஸ், வாய்மொழிப் பரீட்சையா?"

"ஹரி. இப்ப வேலுசாமிக்கு வாங்க. சொந்த வீடு இல்ல, தோட்டம் குடுத்த லயத்துக் காம்பரா. காணி இல்ல. தோட்டத்துல பேர் இருக்கிற வரைக்கும் இருப்பாரு. பேர் வெட்டினா பெட்டியத் தூக்கணும். காலையில கோப்ரலும் பெரட்டுக்கு நிக்கணும், வேலுசாமியும் பெரட்டுக்கு நிக்கணும்."

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தைத் தோட்டத்தில் பெரட்டுக்களம் என்பார்கள். பேர் கூப்பிடும்போது இல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மலை உச்சியில் விசில் ஊதுவதையும் மலைச் சரிவில் தோட்டத்துச் சங்கு ஊதுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்கள் பார்த்ததில்லை.

"ஒருத்தரு போன வருஷம் வந்து நிக்கிறாரு. ஒருத்தரு பாட்டன் காலத்துல இருந்து நிக்கிறாரு. போன வருஷம் வந்தவரு ஊர். பாட்டன் காலத்தவரு வெளியூர். இது அட்டைக்கே வெளங்காதுங்க."

உதயராஜ் விடவில்லை. ராணுவம் நாட்டுக்காக நிற்கிறது, தோட்டத்தார் சம்பளத்துக்கு நிற்கிறார்கள் என்றார். காளிதாஸ் கோபிக்கவில்லை. ஒரு கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்து, குடிக்கும்வரை காத்திருந்தார்.

"சாயம் சரியா முதலாளி?"

"சரிதான்."

"இதை வித்த டொலர்லதான் கோப்ரலுக்குச் சப்பாத்து வாங்குறாங்க."

உதயராஜ் கோப்பையைத் தட்டில் வைத்தார். அந்த நேரம் பார்த்துத் தட்டிக்கு அப்பால் "வீ ஆர் ஸ்டாண்டிங் ஹியர், ம்ம்?" என்று படைப்பிரிவு ஒரே குரலில் கேட்டது. ஹாஜியாருக்கு வந்த சிரிப்பில் தேநீர் தாடியில் சிந்தியது. நான் ஒரு புத்தகத்தை இரண்டாம் முறை தூசி தட்டினேன்.

உதயராஜின் உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. "ஒண்ணுக்குத் தொறந்தா மலையில இருக்கிறது பூராவும் எறங்கி வருமே" என்றார்.

"வரட்டுமே. பெல் ஒரு பெட்டி கெடக்கு" என்றார் காளிதாஸ்.

தீர்மானத்தில் படையினருக்குப் பின்னால் தோட்டத்தாரும் அவர்கள் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு மறுபடி யோசிக்க வேண்டும் என்று உதயராஜ் அடம்பிடித்தார், சரி என்றார்கள். மீதியாக ஒரு சிக்கல் இருந்தது. வேன் மறுநாள் காலையே வருகிறது. கித்துல்கந்தை லயத்துக்கு ஏறிப்போய்ச் சேதி சொல்லக் காளிதாஸின் முழங்கால் இடம் கொடுக்காது. முகாமுக்குப் போகிற பாதை லயத்தைத் தாண்டித்தான் போகிறது. அவர் கோப்ரலைக் கூப்பிட்டுச் சொன்னார். கோப்ரல் அதற்கும் சல்யூட் அடித்தார்.

திங்கட்கிழமை காலை எஞ்சிய புத்தகப் பெட்டியை எடுக்கப் போயிருந்தேன். காளிதாஸ் எனக்கு முன்பே வந்திருந்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். ஒரு வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டு மதகுப் பக்கம் ஏறிப்போன சத்தம் கேட்டது. அவர் ப்ளேன்டீயைக் குடித்தார். கருப்பட்டியைக் கடிக்க மறந்துவிட்டார். கோப்ரல் சொன்னாரா, சொன்னதை அவர்கள் நம்பினார்களா என்று அவர் கேட்கவில்லை; கேட்க என்னைத் தவிர ஆளும் இல்லை. வேன் திரும்பி இறங்கியது. யன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். கண்ணாடியெல்லாம் மழை நீராவி. உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வந்து உட்கார்ந்தார்.

பிறகு நெடுநேரம் மழைச் சத்தம் மட்டும்தான்.

படியில் ஒரு காலடி விழுந்தது. இரண்டு. மூன்றாவதில் பேனா கீழே போனது. வேலுசாமியின் குரல் முன்னால் வந்தது. அவர் யாருக்கோ சிரிப்போடு சொல்லிக்கொண்டு வந்தார்: இருட்டுகிற நேரத்தில் ஆமிக்காரர் வாசலில் வந்து நின்றதும், தான் முதலில் ஐடென்டிட்டி கார்டைத்தான் எடுத்து நீட்டினாராம். அவர் அதை வாங்கவே இல்லையாம். நாளைக்கு மகளைக் கொலேஜுக்கு அனுப்பு, பாதிதான், ம்ம்? என்றாராம்.

சிரித்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. வேலுசாமிக்கும் மகளுக்கும் பின்னால் காலடிகள் வந்துகொண்டேயிருந்தன. செருப்புக் கால், வெறுங்கால், படியில் தயங்குகிற கால், தயங்குகிறதைத் தள்ளிவிடுகிற கால். லயத்துப் பெண்பிள்ளைகளின் குசுகுசுப்பு கீழிருந்து மேல்படி வரைக்கும் நீண்டது.

காளிதாஸ் காதைச் சாய்க்கவில்லை. லாச்சியைத் திறந்தார். புதிதாக வாங்கிய நீளச் சவர்க்காரம், இன்னும் அறுக்காதது, அதற்குள் இருந்தது. நூல் பக்கத்திலேயே கிடந்தது. நூலை எடுக்காமல் சவர்க்காரத்தை மட்டும் முழுதாக எடுத்துக்கொண்டு எழுந்து போனார். சிரட்டையிலிருந்த கட்டைவிரல் துண்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு, அந்த நீளச் சவர்க்காரத்தைச் சிரட்டையின் வாய்க்குக் குறுக்கே அப்படியே கிடத்தினார்.